மதமாற்றத் தடைச் சட்டமும் தன்பாலீர்ப்பாளர் உரிமையும்: கொங்கு வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு (2002–2025)

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டில் 2002ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2004இல் திரும்பப் பெறப்பட்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமும், 2021ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் சுஷ்மா வழக்கில் பிறப்பித்த ஆணையும் இதுவரை தனித்தனியே பேசப்பட்டு வந்துள்ளன. முன்னது சிறுபான்மையினர் அரசியலின் பகுதியாகவும், பின்னது பாலின உரிமையின் பகுதியாகவும் கருதப்படுகின்றன. இவ்விரண்டும் ஒரே வினாவின் இரு முகங்கள் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. வயதுவந்த ஒருவர் தம் வாழ்வின் அடிப்படையான ஒன்றைத் தாமே தேர்ந்துகொள்ளும்போது, குடும்பமும் சமூகமும் மாவட்ட நிர்வாகமும் அதில் எவ்வளவு தலையிடலாம் என்பதே அவ்வினா. கோவையை மையமாகக் கொண்ட கொங்கு வட்டாரத்தின் தேர்தல் வரலாறும் வழக்கு வரலாறும் இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மதமாற்றத் தடை, மனச்சான்று, தன்பாலீர்ப்பு, கொங்கு வட்டாரம், 2004 நாடாளுமன்றத் தேர்தல், சுஷ்மா வழக்கு, சுயமரியாதைத் திருமணம்.

1. முன்னுரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மதச் சுதந்திரச் சட்டமும் தன்பாலீர்ப்பாளர் உரிமையும் எதிரெதிர் அணிகளின் முழக்கங்களாக நிற்கின்றன. 2015 மார்ச் 26 அன்று இந்தியானா மாநில ஆளுநர் மைக் பென்சு கையொப்பமிட்ட மதச் சுதந்திரச் சட்டம் இதற்குத் தக்க சான்று. தம் சமய நம்பிக்கையைக் காரணம் காட்டித் தன்பாலீர்ப்பாளர்க்குச் சேவை மறுக்க அச்சட்டம் வணிகர்க்கு இடமளிக்கும் என்ற எதிர்ப்பு நாடெங்கும் எழுந்தது. பெருநிறுவனங்களும் விளையாட்டு அமைப்புகளும் எதிர்ப்பில் இணைந்தன. ஒரு வாரத்திற்குள், ஏப்ரல் 2 அன்று, சட்டம் திருத்தப்பட்டது. ஒருவரின் மதச் சுதந்திரம் மற்றொருவரின் சமத்துவத்தைக் குறைக்குமா என்பதே அங்கு எழுந்த வழக்காடல்.

இந்தியாவில் இதே பெயர் வேறு பொருளில் வழங்குகிறது. 1967ஆம் ஆண்டு ஒரிசாவிலும் 1968ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்திலும் ‘மதச் சுதந்திரச் சட்டம்’ என்ற பெயரில் இயற்றப்பட்டவை மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டங்களே. பெயர் சுதந்திரத்தைச் சுட்டினாலும் உள்ளடக்கம் கட்டுப்பாட்டைச் சுட்டுகிறது. 1977இல் ஸ்டெயினிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்விரு சட்டங்களையும் செல்லும் என்றது. சமயத்தைப் பரப்பும் உரிமை பிறரை மதம் மாற்றும் உரிமையை உள்ளடக்காது என்று அத்தீர்ப்பு வகுத்தது. மாற்றுபவரின் உரிமையைப் பற்றி விரிவாகப் பேசிய அத்தீர்ப்பில் மாறுபவரின் உரிமை பின்னுக்குத் தள்ளப்பட்டது. அந்த இடைவெளியிலிருந்தே தமிழ்நாட்டுச் சட்டம் பிறந்தது.

ஆகவே அமெரிக்கச் சட்டகத்தை இங்கு அப்படியே பொருத்துதல் பொருந்தாது. தமிழ்நாட்டில் சமயச் சுதந்திரமும் பாலீர்ப்புச் சுதந்திரமும் மோதிக்கொண்ட பொருள்களாக வரலாற்றில் தோன்றவில்லை. இரண்டும் ஒரே தடையை எதிர்கொண்டன என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

2. 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் அமைப்பு

1981இல் திருநெல்வேலி மாவட்டம் மீனாட்சிபுரத்தில் தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவியது முதல் மதமாற்றம் தமிழ்நாட்டு அரசியலில் தொடர்ந்து பேசப்பட்டது. எனினும் சட்டம் வர இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. ஜெ.ஜெயலலிதா தலைமையிலான அ.இ.அ.தி.மு.க. அரசு 2002 அக்டோபர் 5 அன்று அவசரச் சட்டமொன்றைப் பிறப்பித்தது. அக்டோபர் 31 அன்று சட்டமுன்வரைவு பேரவையில் நிறைவேறியது. அது 2002ஆம் ஆண்டின் 56ஆம் சட்டமாயிற்று. பாரதிய ஜனதா கட்சி ஆதரித்தது. தி.மு.க., காங்கிரசு, பொதுவுடைமைக் கட்சிகள் எதிர்த்தன. அக்காலத்தில் தி.மு.க. நடுவணரசில் பாரதிய ஜனதாவின் கூட்டணியில் இருந்துகொண்டே இச்சட்டத்தை எதிர்த்தமை நோக்கத்தக்கது.

சட்டத்தின் நான்கு கூறுகள் இங்கு இன்றியமையாதவை. முதலாவது, வன்முறை, ஆசைகாட்டல், ஏமாற்று ஆகியவற்றால் ஒருவரை மதம் மாற்றுவதும் மாற்ற முயல்வதும் குற்றமாயின. இரண்டாவது, வன்முறை என்பதன் வரையறையில் உடல்சார் அச்சுறுத்தலோடு தெய்வத்தின் சினம் பற்றிய அச்சுறுத்தலும் சமூகப் புறக்கணிப்பு பற்றிய அச்சுறுத்தலும் சேர்க்கப்பட்டன. மூன்றாவது, பொதுத் தண்டனை மூன்றாண்டுச் சிறையும் 50,000 ரூபாய் வரையிலான தண்டமும் ஆகும். மாற்றப்பட்டவர் சிறார், பெண், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருள் ஒருவராயின் அது நான்காண்டாகவும் 1 இலட்சம் ரூபாயாகவும் உயரும். நான்காவது, மதமாற்றச் சடங்கை நிகழ்த்துபவரும் அதில் பங்கேற்பவரும் மாவட்ட ஆட்சியர்க்கு அறிவிக்க வேண்டும். தவறினால் ஓராண்டு வரை சிறையோ 5,000 ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கப்படும்.

நான்காம் கூறு கட்டாயத்தால் நிகழ்ந்த மதமாற்றத்திற்கு மட்டும் உரியதன்று. முழு விருப்பத்தோடு நிகழ்ந்த மாற்றத்தையும் அறிவிக்க வேண்டும். மனச்சான்று சார்ந்த ஒரு முடிவு இவ்வாறு மாவட்ட அலுவலகத்தின் கோப்பாக மாறுகிறது. இதையொத்த அறிவிப்பு விதியொன்றை 2012இல் இமாச்சலப் பிரதேச உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. ஒருவர் தம் நம்பிக்கையை வெளியே சொல்லாதிருக்கும் உரிமையும் மனச்சான்றுச் சுதந்திரத்தின் பகுதி என்பதே அதன் அடிப்படை.

மூன்றாம் கூறு வேறொரு சிக்கலை எழுப்புகிறது. வயதுவந்த பெண்ணையும் வயதுவந்த தலித்தையும் அது சிறாரோடு ஒரே வரிசையில் நிறுத்துகிறது. பாதுகாப்பு என்ற நோக்கில் எழுதப்பட்ட இவ்விதி, இவ்விரு பிரிவினரும் தம் நன்மையைத் தாமே அறியும் ஆற்றலற்றவர் என்ற முன்முடிவைத் தன்னுள் கொண்டுள்ளது. அருந்ததியர் பெருந்தொகையினராக வேளாண் கூலிகளாகவும் துப்புரவுப் பணியாளர்களாகவும் உழைத்துவரும் கொங்கு வட்டாரத்தில் இம்முன்முடிவு வெறும் சட்டச் சொல் அன்று. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறித்தவத்தையோ இஸ்லாத்தையோ தழுவும் தலித் பட்டியல் சாதித் தகுதியை இழக்கிறார். மாறுவதற்கு ஏற்கெனவே ஒரு விலை இருந்தது. 2002ஆம் ஆண்டுச் சட்டம் அதன்மீது ஆட்சியரின் கண்காணிப்பையும் ஏற்றியது.

இரண்டாம் கூற்றில் ஒரு முரண் உண்டு. மதம் மாறச் செய்வதற்காகச் சமூகப் புறக்கணிப்பைக் காட்டி அச்சுறுத்துவது குற்றம். மாறாதிருக்கச் செய்வதற்காக ஊரும் உறவும் அதே அச்சுறுத்தலைக் கையாண்டால் இச்சட்டத்தில் அதற்கு இடமில்லை. வெளியேறும் வழியில் நிற்கும் வற்புறுத்தலைச் சட்டம் கண்டது. உள்ளே நிறுத்தி வைக்கும் வற்புறுத்தலைக் காணவில்லை. பின்னர்த் தன்பாலீர்ப்பாளர் வழக்குகளில் நீதிமன்றத்தின் முன் வந்தது இந்த இரண்டாம் வகை வற்புறுத்தலே.

3. கொங்கு வட்டாரமும் 2004 தேர்தலும்

இச்சட்டத்தின் அரசியல் விளைவை அளப்பதற்குக் கோவை பொருத்தமான களம். 1997 நவம்பர் இறுதியில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் முஸ்லிம்கள் பலர் உயிரிழந்தனர். 1998 பிப்ரவரி 14 அன்று நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் மாண்டனர். அவ்வாண்டுத் தேர்தலில் கோவையில் பாரதிய ஜனதாவின் சி.பி.இராதாகிருஷ்ணனும், நீலகிரியில் அதே கட்சியின் மாஸ்டர் மாதனும் வென்றனர். 1999இல் கூட்டணி அ.தி.மு.க.விலிருந்து தி.மு.க.வுக்கு மாறியபோதும் இருவரும் மீண்டும் வென்றனர். கோவையில் அப்போது தோற்றவர் பொதுவுடைமை இயக்கத்தின் மூத்த தலைவர் இரா.நல்லகண்ணு. சமய அடையாளம் வாக்காக மாறும் களம் தமிழ்நாட்டில் ஒன்றுண்டு எனில் அது கோவையே என்ற கருத்து அக்காலத்தில் வலுப்பெற்றது. மதமாற்றத் தடைச் சட்டம் வாக்கைத் தரும் என்று ஆளுங்கட்சி எண்ணியிருப்பின், அது முதலில் தந்திருக்க வேண்டிய இடமும் இதுவே.

2004 மே மாதம் வந்த முடிவு மாறாக இருந்தது. அ.தி.மு.க.–பாரதிய ஜனதா அணி தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் இழந்தது. கோவையில் இராதாகிருஷ்ணன் இந்தியப் பொதுவுடைமைக் கட்சியின் கே.சுப்பராயனிடமும், நீலகிரியில் மாஸ்டர் மாதன் காங்கிரசின் ஆர்.பிரபுவிடமும் தோற்றனர்.

இத்தோல்விக்கு மதமாற்றத் தடைச் சட்டமே காரணம் என்பது மிகையான கூற்றாகும். தி.மு.க., காங்கிரசு, ம.தி.மு.க., பா.ம.க., இரு பொதுவுடைமைக் கட்சிகள் ஆகியவை ஓரணியில் திரண்டதே கணக்கின் அடிப்படை. அதனோடு 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியரை ஒரே ஆணையில் இலட்சத்திற்கும் மேற்பட்ட அளவில் பணிநீக்கியது, உழவர்க்கான இலவச மின்சாரத்தை நிறுத்தியது, வருமான அடிப்படையில் குடும்ப அட்டைகளுக்கு ‘எச்’ முத்திரையிட்டது ஆகியனவும் சேர்ந்தன. கிணற்றுப் பாசனத்தை நம்பிய கொங்கு உழவர்க்கு மின்கட்டணம் நேரடியான வாழ்க்கைச் சிக்கல்.

சமயத் தளத்திலும் மற்றொரு நிகழ்வு உண்டு. 1950ஆம் ஆண்டு விலங்கு, பறவை பலித் தடைச் சட்டத்தைக் கடுமையாகச் செயற்படுத்துமாறு 2003 ஆகஸ்டில் அரசு ஆணையிட்டது. கருப்பராயன் கோயில்களிலும் குலதெய்வக் கோயில்களிலும் கிடாவெட்டு இன்றி நேர்த்திக்கடன் நிறைவேறாத வட்டாரம் இது. மதமாற்றத் தடைச் சட்டம் யாரைக் காப்பதாகக் கூறியதோ அந்த இந்துக் குடியானவர்களின் வழிபாட்டையே இவ்வாணை தடுத்தது. எதிர்ப்பு வலுத்ததும் 2004 பிப்ரவரியில், தேர்தலுக்கு முன்னரே, 1950ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்க அரசு முடிவெடுத்தது. இவ்விரு நிகழ்வுகளையும் சேர்த்து நோக்கினால், அரசு எதிர்கொண்ட எதிர்ப்பைச் சிறுபான்மையினரின் எதிர்ப்பு என்று மட்டும் சுருக்க இயலாது என்பது புலனாகும். எவ்வாறு வழிபடுவது, எதை நம்புவது என்பவற்றில் அரசு நுழைவதை இரு வேறு மக்கள் பிரிவினர் இரு வேறு இடங்களில் எதிர்த்தனர். எனினும் அவர்கள் ஒருவரையொருவர் அறிந்து இணைந்ததற்கான தடயம் தேர்தல் பரப்புரையில் தெளிவாக இல்லை.

2004 மே 18 அன்று முதலமைச்சர் வெளியிட்ட அறிவிப்பே இக்கட்டுரையின் நோக்கில் மிக முதன்மையான சான்று. மதமாற்றத் தடைச் சட்டத்தை நீக்குதல், உழவர்க்கு இலவச மின்சாரம், ‘எச்’ முத்திரை நீக்கம், ஊழியர்மீதான நடவடிக்கை தளர்வு ஆகிய அனைத்தும் ஒரே அறிவிப்பில் இடம்பெற்றன. மனச்சான்றுச் சுதந்திரம் மின்கட்டணத்தோடும் அரிசி அட்டையோடும் ஒரே பட்டியலில் அமைந்தது. அச்சட்டம் அரசமைப்பின் 25ஆம் உறுப்பிற்கு முரணானது என்று நீதிமன்றம் கூறவில்லை. தவறான கொள்கை என்று அரசும் கூறவில்லை. வாக்குக்காகப் பறிக்கப்பட்ட ஒன்று வாக்குக்காகவே திருப்பித் தரப்பட்டது. உரிமை சலுகையாகத் திரும்பி வந்தது. ஆகையால் அச்சட்டம் எழுப்பிய வினா விடை காணாமலே எஞ்சியது.

4. மாவட்ட அலுவலகம் என்னும் இடைநிலை

சட்டம் நீங்கியதால் சமூகத்திற்கும் தனிமனிதர்க்கும் இடையே அரசு நடுவராக நிற்கும் வழக்கம் நீங்கிவிடவில்லை. கொங்கு வட்டாரத்தில் பின்னர் நிகழ்ந்த மூன்று நிகழ்வுகள் இதற்குச் சான்று.

முதலாவது, பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் குறித்த நிகழ்வு. 2010இல் வெளிவந்த அந்நாவல் திருச்செங்கோட்டுக் கோயில் திருவிழாவையும் குழந்தையில்லாத் தம்பதியரையும் மையமாகக் கொண்டது. 2014 இறுதியில் எதிர்ப்பு எழுந்து கடையடைப்பு வரை சென்றது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் மாவட்ட நிர்வாகத்தின் முன்னிலையில் ‘அமைதிப் பேச்சு’ நடைபெற்று, எழுத்தாளர் அந்நாவலின் பிரதிகளைத் திரும்பப் பெறும் உடன்பாட்டில் கையொப்பமிட நேர்ந்தது. 2016 ஜூலை 5 அன்று நீதிபதிகள் சஞ்சய் கிஷன் கௌல், புஷ்பா சத்யநாராயணா ஆகியோர் அமர்வு அவ்வுடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது என்றது. சமயமும் பாலுறவும் சாதி மானமும் ஒருங்கே பேசப்பட்ட அவ்விவகாரத்தில், அமைதியைக் காக்கும் பொறுப்புடைய அலுவலகம் பெருங்கூட்டத்தின் பக்கம் சாய்ந்து தனியொருவரை விட்டுக்கொடுக்கச் செய்தது.

இரண்டாவது, 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நிகழ்ந்த சாதி மறுப்புத் திருமணப் படுகொலை. வயதுவந்த இருவரின் தேர்வைக் குடும்பத்தின் மானம் தண்டிக்கும் என்பதை அது நாடறியச் செய்தது.

மூன்றாவது, ஷஃபின் ஜகான் வழக்கு. இது கேரள வழக்காகவே அறியப்பட்டிருப்பினும் இதன் ஒரு முனை சேலத்தில் உள்ளது. சேலத்து ஓமியோபதிக் கல்லூரியில் பயின்ற கேரள மாணவி ஒருவர் இஸ்லாத்தைத் தழுவி, பின்னர் மணம் செய்துகொண்டார். 2017 மே மாதம் கேரள உயர் நீதிமன்றம் அத்திருமணத்தை இரத்துச் செய்து அவரைப் பெற்றோரின் பொறுப்பில் விட்டது. நவம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் அவரை நேரில் கேட்டபின், படிப்பைத் தொடரச் சேலத்திற்கு அனுப்பியது. 2018 மார்ச் 8 அன்று திருமணம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஏப்ரலில் வெளியான விரிவான தீர்ப்பு, நம்பிக்கையையும் வாழ்க்கைத் துணையையும் தேர்வது தனிமனிதத் தன்னாட்சியின் உள்ளகம் என்றும், பெற்றோரின் அக்கறை எத்துணை உண்மையாயினும் வயதுவந்தவரின் விருப்பத்தை மீற இயலாது என்றும் வகுத்தது.

இவ்வழக்கின் முதன்மை யாதெனில், மதமாற்றமும் துணைத்தேர்வும் அதில் ஒரே உரிமையின் இரு வெளிப்பாடுகளாக ஏற்கப்பட்டன. ஐந்து திங்களுக்குப் பின், 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோகர் வழக்கில் தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைக் குறுக்கியபோது உச்ச நீதிமன்றம் நடந்த பாதை இதுவே. இரண்டிற்கும் பொதுவான அடித்தளம் 2017 ஆகஸ்ட் 24 அன்று வந்த புட்டசாமி தீர்ப்பு. அந்தரங்க உரிமையை நிலைநாட்டிய அத்தீர்ப்பு பாலீர்ப்பையும் நம்பிக்கைத் தேர்வையும் அவ்வுரிமைக்குள் வைத்தது. நம்பிக்கையை வெளிப்படுத்தும் உரிமையோடு வெளிப்படுத்தாதிருக்கும் உரிமையும் உண்டு என்று அது கூறியது. 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் அறிவிப்பு விதியை இவ்வளவுகோலால் அளந்தால் அதன் குறை தெளிவாகும்.

5. சுஷ்மா வழக்கும் ‘மாற்றம்’ என்னும் சொல்லும்

தமிழ்நாட்டில் பாலினச் சிறுபான்மையினர் உரிமை இரு வழிகளில் வளர்ந்தது. ஒன்று நலத்திட்ட வழி. 2008 ஏப்ரலில் தி.மு.க. அரசு திருநங்கையர் நல வாரியத்தை அமைத்தது. இந்திய மாநிலங்களுள் இதுவே முதல் முயற்சி. 2015 ஏப்ரல் 24 அன்று திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைத் தனிநபர் சட்டமுன்வரைவு மாநிலங்களவையில் நிறைவேறியது. தன்பாலீர்ப்பாளர்கள் இவ்வழிக்குள் வரவில்லை. அவர்களுக்கு எஞ்சியது நீதிமன்ற வழி.

திருநரை அரசும் சமூகமும் ஓரளவு ஏற்றமைக்குச் சமய மரபின் துணையும் உண்டு. கூவாகத்தின் கூத்தாண்டவர் விழா திருநங்கையர்க்கு ஒரு பொதுவெளியைத் தந்தது. அரவான் வழிபாடு கோவை சிங்காநல்லூர், குறிச்சி ஆகிய இடங்களிலும் நிலவுகிறது. 2019 ஏப்ரல் 22 அன்று மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்தில் ‘மணமகள்’ என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்தபோது புராண மரபும் அதில் நினைவுகூரப்பட்டது. தன்பாலீர்ப்பாளர்க்கு இத்தகைய திருவிழாவோ வாரியமோ வாக்குத்தொகுதியோ இல்லை.

இந்நிலையில்தான் 2021 ஜூன் 7 அன்று நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் சுஷ்மா வழக்கில் ஆணை பிறப்பித்தார். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்து வாழ்ந்த இரு பெண்களைக் காணவில்லை என்று பெற்றோர் புகாரளித்திருந்தனர். வயதுவந்தோர் தம் விருப்பத்தோடு சேர்ந்து வாழ்கின்றனர் எனத் தெரிந்தால் காவல்துறை அப்புகாரை முடித்துவிட வேண்டும் என்று நீதிபதி ஆணையிட்டார். பாலீர்ப்பை மருத்துவத்தால் ‘மாற்ற’ முயல்வதைத் தடை செய்தார். தம் புரிதலை வளர்த்துக்கொள்ள உளவியலாளரிடம் தாமே கலந்துரையாடியதையும் ஆணையில் பதிவு செய்தார். 2022 பிப்ரவரியில் காவலர் நடத்தை விதிகளில் இவர்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் விதி சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் இவர்களைக் குறிக்கும் மதிப்பார்ந்த தமிழ்ச் சொற்களின் தொகுதி அரசிதழில் வெளியாயிற்று. பாலீர்ப்பை மாற்ற முயலும் சிகிச்சை தொழில்நெறிப் பிறழ்வு என்று தேசிய மருத்துவ ஆணையமும் அறிவித்தது.

2002ஆம் ஆண்டுச் சட்டமும் 2021ஆம் ஆண்டு ஆணையும் ‘மாற்றம்’ என்னும் ஒரே சொல்லைச் சுற்றி அமைந்தவை. முன்னது ஒருவர் மாற விரும்பினாலும் ஐயத்தோடு நோக்கியது. பின்னது ஒருவரை மாற்ற விரும்புவோரை ஐயத்தோடு நோக்கியது. முன்னதில் வற்புறுத்துபவர் வெளியாள் என்று கருதப்பட்டது. பின்னதில் வற்புறுத்துபவர் பெரும்பாலும் பெற்றோர், உறவினர், குடும்பம் நம்பும் மருத்துவர். 2002ஆம் ஆண்டுச் சட்டம் காணாது விட்ட வற்புறுத்தல் 2021இல்தான் சட்டத்தின் பார்வைக்கு வந்தது எனலாம்.

2025 மே மாதம் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் ஆகியோர் அமர்வு, குடும்பத்தாரால் அடைத்து வைக்கப்பட்ட வயதுவந்த பெண்ணொருவரை விடுவித்தது. தன்பால் திருமணத்தை 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்திருப்பினும், அவர்கள் குடும்பமாக வாழ்வதற்கு அது தடையன்று என்று அவ்வமர்வு கூறியது.

6. அரசியல் விளைவு: ஓர் ஒப்பீடு

மதமாற்றத் தடைச் சட்டம் 19 திங்களில் முடிவுக்கு வந்தது. அதை எதிர்த்தவர்களுக்குப் பள்ளிகளும் மறைமாவட்டங்களும் ஜமாத்துகளும் இருந்தன. 2002 அக்டோபரில் சிறுபான்மைக் கல்வி நிறுவனங்கள் ஒருநாள் மூடப்பட்டபோது எதிர்ப்பு ஒவ்வொரு வீட்டிற்கும் தெரிந்தது. தேர்தலில் எண்ணக்கூடிய வாக்காகவும் அது இருந்தது. 377ஆம் பிரிவோ 150 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. தில்லி உயர் நீதிமன்றம் 2009இல் அதைக் குறுக்கியது. 2013இல் உச்ச நீதிமன்றம் மீட்டது. 2018இல் மீண்டும் குறுக்கியது. இவ்வளவு ஏற்ற இறக்கத்திலும் கொங்கு வட்டாரத்தின் எந்தவொரு தேர்தலிலும் இது முதன்மைப் பொருளாகவில்லை.

தேர்தல் விலை இல்லாமை இருமுனைக் கத்தி. எதிர்ப்பு அலை எழவில்லை என்பதால் நீதிமன்றம் அமைதியாகச் செயற்பட முடிந்தது. அதே காரணத்தால் சட்டமன்றம் செயற்படவும் தேவை எழவில்லை. 2025 ஜூலையில் வெளியான மாநிலக் கொள்கை திருநரையும் இடைப்பாலினரையும் மையமாகக் கொண்டதாகவே அமைந்தது. சுஷ்மா ஆணையின் பாதுகாப்பு நீதிமன்ற ஆணைகளிலும் நடத்தை விதிகளிலும் தங்கியுள்ளது. பேரவை இயற்றிய சட்டமாக அது மாறவில்லை. மதமாற்ற உரிமையும் அவ்வாறே. 2004இல் சட்டம் நீங்கியதேயன்றி, அத்தகைய சட்டம் மீண்டும் வாராது என்பதற்கு நீதிமன்றத் தீர்ப்போ கொள்கை உறுதியோ ஏற்படவில்லை.

எனவே ஒன்று வாக்கால் கிடைத்துக் கோட்பாடின்றி நிற்கிறது. மற்றொன்று கோட்பாட்டால் கிடைத்து வாக்கின்றி நிற்கிறது.

7. ஈரோட்டு மரபும் அதன் தேவையும்

இவ்விரண்டையும் இணைக்கும் கோட்பாட்டு மரபைத் தேடி வெளியே செல்ல வேண்டியதில்லை. ஈரோட்டில் பிறந்த பெரியார் 1925இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கத்தின் இரண்டாம் மாநாடு 1930இல் ஈரோட்டிலேயே கூடியது. புரோகிதரும் சாதிச் சடங்கும் இன்றி இருவரின் உடன்பாட்டை மட்டும் அடிப்படையாகக் கொண்ட சுயமரியாதைத் திருமணத்தை அவ்வியக்கம் பரப்பியது. 1967இல் அண்ணா அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்து அதற்குச் சட்ட ஏற்பளித்தது. 2023 ஆகஸ்டில் இளவரசன் வழக்கில் உச்ச நீதிமன்றம், அப்பிரிவின்கீழ் நிகழும் திருமணத்திற்குப் பொது அறிவிப்பு தேவையில்லை என்றது. வீட்டாரின் எதிர்ப்புக்கு அஞ்சுவோர் ஊரறிய அறிவித்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பதை அத்தீர்ப்பு கருத்திற்கொண்டது.

இங்கும் ‘அறிவிப்பு’ என்னும் கூறு மீண்டும் வருகிறது. மதம் மாறினால் ஆட்சியர்க்கு அறிவி, மணந்தால் ஊருக்கு அறிவி, வீட்டைவிட்டுச் சென்றால் காவல் நிலையத்தில் விளக்கமளி என்னும் மூன்று கோரிக்கைகளும் ஓரினத்தவை. இருவரின் உடன்பாடே போதும் என்ற சுயமரியாதைக் கோட்பாடு மூன்றிற்கும் விடையாகும். ஆணும் பெண்ணும் என்ற எல்லைக்குள் அக்கோட்பாடு சட்டமாக்கப்பட்டது உண்மையே. எல்லை சட்டத்திற்குரியது. கோட்பாட்டின் தருக்கம் அதனினும் பரந்தது.

2025 அக்டோபரில் ஆணவக் கொலைகளைத் தடுக்கும் சட்டத்திற்குப் பரிந்துரை அளிக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. அச்சட்டம் சாதி மறுப்பு இணையரை மட்டும் காக்குமா, குடும்பத்தின் வற்புறுத்தலுக்கு ஆளாகும் எந்த வயதுவந்தவரையும் காக்குமா என்பது இக்கட்டுரையின் பொருளோடு நேரடியாகத் தொடர்புடையது. வரையறை குறுகலாக அமைந்தால் தன்பாலீர்ப்பாளரும் மதம் மாறியவரும் மீண்டும் வழக்குக்கு வழக்கு நீதிபதியின் நல்லெண்ணத்தை எதிர்நோக்க நேரிடும்.

8. முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

தமிழ்நாட்டுச் சூழலில் சமயத் தேர்வுரிமையும் பாலீர்ப்புரிமையும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. புட்டசாமி, ஷஃபின் ஜகான், நவ்தேஜ் தீர்ப்புகளின் தொடர்ச்சி இதை உறுதிப்படுத்துகிறது.

2002ஆம் ஆண்டுச் சட்டம் வெளியாரின் வற்புறுத்தலை மட்டும் குற்றமாக்கியது. குடும்பமும் சாதியும் செலுத்தும் வற்புறுத்தலைச் சட்டம் முறையாகக் கண்டுகொண்டது 2021ஆம் ஆண்டு ஆணையிலேயே.

1998இலும் 1999இலும் சமய அடையாளம் வாக்காகிய கோவையிலேயே 2004இல் மதமாற்றத் தடைச் சட்டம் வாக்காகவில்லை. ஆயினும் சட்டத்தைத் திரும்பப் பெற்ற முறை, மனச்சான்றுச் சுதந்திரத்தைச் சலுகைகளுள் ஒன்றாக்கியது.

தன்பாலீர்ப்பாளர் உரிமை தேர்தல் விலையின்றி வளர்ந்தது. அதனால் அது பேரவையின் காப்பைப் பெறவில்லை.

ஒரு மாவட்ட அலுவலகத்தின் முன்னோ காவல் நிலையத்தின் முன்னோ வயதுவந்த ஒருவர் நிற்கும்போது, அவரிடம் கேட்கத்தக்க வினா ‘இது உன் விருப்பமா’ என்பது ஒன்றே. ‘உன் வீட்டார்க்கு விருப்பமா’ என்னும் வினா கேட்கப்படும்வரை 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் உள்ளுணர்வு நடைமுறையில் நீடிக்கிறது என்றே கொள்ள வேண்டும்.